தோப்புக்கரணம் போடும்போது குதிகால் எங்கே?

பிள்ளையார் சந்நிதியில் தோப்புக்கரணம் போடும்போது உங்கள் குதிகாலைக் கவனித்திருக்கிறீர்களா? உட்காரும்போதே பலருக்கு அது தரையை விட்டு எழும்பிவிடும்.

'தோர்பிஃ கர்ணம்' என்ற வடசொல்லே தோப்புக்கரணம் ஆனது என்பார்கள். கைகளால் காதைப் பிடிப்பது என்று பொருள். சக்கரத்தை விழுங்கிய விநாயகரைச் சிரிக்க வைக்க மகாவிஷ்ணு இப்படிச் செய்ததாகப் புராணக் கதை. கையையும் காதையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பாரம் சுமப்பது என்னவோ கால்!

கெண்டைக்காலில் திரண்டு தெரியும் ஆடுசதை, முழங்காலுக்கு மேலிருந்தே தொடங்குகிறது. அதனால் முழங்கால் மடங்கியதும் தளர்ந்துவிடும். அதற்கு அடியில் மறைந்திருக்கும் தட்டையான தசைதான் அப்போது உடம்பைத் தாங்குகிறது. அது இறுகிப் போயிருந்தால் குதிகாலை மேலே இழுக்கும்.

இழுத்தால் என்ன என்கிறீர்களா? கணுக்கால் மூட்டின் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். குதிகால் பதிந்து முழங்கால் முன்னே சாயும்போது, அகலமான பாகம் மேலுள்ள எலும்புகளின் இடுக்கில் ஆப்பு அடித்ததுபோல் இறுகும். குதிகால் எழும்பினால் குறுகிய பாகம் அங்கே வந்து, மூட்டு ஆட்டம் காணும். திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலின் நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளில், ஏறும்போதைவிட இறங்கும்போது கால் பிசகும் பயம் ஏன் அதிகம்? இறங்குகையில் விரல்களைக் கீழே நீட்டித்தானே அடுத்த படியைத் தொடுகிறோம்!

ஆகவே குதிகால் பதியும் ஆழம் வரை மட்டும் உட்காருங்கள். அரைத் தோப்புக்கரணம் ஆனாலும் சரி. வேகமாகப் போடும் பன்னிரண்டைவிட நிதானமான மூன்றே மேல் என்பேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எழுந்தால் தொடைக்குத்தான் வேலை. கணுக்கால் அதிகம் மடங்காது. முழு ஆழத்துக்குப் போக ஆசையா? தினமும் சுவரைப் பிடித்து, ஒரு காலைப் பின்னே வைத்து, குதிகாலை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி அரை நிமிடம் நில்லுங்கள். கெண்டைக்காலின் அடிப்பகுதி இழுபடுவது தெரியும். சில வாரங்களில் இறுக்கம் குறையும்.

பாதம் உள்பக்கமாகப் புரண்டுவிடாமல் காப்பவை காலின் வெளிப்பக்கத் தசைகள். அவற்றுக்கு ஒற்றைக்காலில் நிற்பதுதான் நல்ல பயிற்சி. அடுப்பு மேடையைப் பிடித்தபடி, பால் பொங்கும் வரை நின்று பாருங்களேன்!

மூட்டு வலியோ, அறுவை சிகிச்சை ஆனதோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கோயிலில் அபிஷேகத் தண்ணீர் சிந்திய இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளியே நில்லுங்கள்.