கொத்துக் கரண்டி பிடித்த சிற்பி

சிற்பி என்றதும் நம் மாணவர்கள் உளியையும் கல்லையும்தான் நினைக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் விசை பற்றிய பாடம் நடத்தும்போது நான் காட்டும் படம் வேறு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், உழைப்பாளர்கள் வாழும் வாட்ஸ் பகுதியில் நிற்கும் கோபுரங்கள் அவை. கட்டியவர் சைமன் ரோடியா.

1879இல் தெற்கு இத்தாலியின் ரிபோட்டோலி என்ற சிற்றூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றார். அங்கே பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்க விபத்தில் அவருடைய அண்ணன் இறந்துபோக, மேற்கு நோக்கி நகர்ந்தார். கிடைத்த கூலி வேலைகளைச் செய்து, கடைசியில் டைல்ஸ் பதிக்கும் தொழிலாளியானார். கலைப் பள்ளி எதிலும் படித்தவரில்லை.

1921இல் வாட்ஸில் ஒரு முக்கோண மனை வாங்கினார். வேலை முடிந்த நேரத்தில் தனியாளாகக் கட்டத் தொடங்கியவர், 1954 வரை நிறுத்தவில்லை. இரும்புக் கம்பியைத் தண்டவாளத்தின் அடியில் செருகி வளைத்தார். கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, கம்பிவலை சுற்றி, சிமெண்ட் கலவை பூசினார். வெல்டிங் இல்லை, போல்ட் இல்லை. ஈரக் கலவையில் உடைந்த பாட்டில், பீங்கான் துண்டு, கிளிஞ்சல், டைல்ஸ் சில்லு ஆகியவற்றைப் பதித்தார். தனிச் சாரம் கட்டவில்லை. கட்டிய வளையங்களையே படியாக்கி ஏறினார். மிக உயரமான கோபுரம் ஏறத்தாழ 30 மீட்டர்.

இவரைப் பித்துப் பிடித்தவராகச் சித்திரித்து வகுப்பை வியக்க வைப்பது எளிது. நான் அப்படிச் செய்வதில்லை. டைல்ஸ் தொழிலாளி என்றே அறிமுகம் செய்கிறேன். அவருடைய சிற்பம் முழுவதும் அந்தத் தொழிலின் நுட்பம்தானே!

1955இல் அவர் மனையை விட்டுச் சென்றபின், பாதுகாப்பற்றவை என்று கூறி மாநகராட்சி கோபுரங்களை இடிக்க உத்தரவிட்டது. காக்க விரும்பியவர்கள் சோதனை கேட்டார்கள். 1959 அக்டோபர் 10 அன்று, 10,000 பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுத்தார்கள். கோபுரம் விழவில்லை, இழுத்த கருவிதான் பழுதானது. இடிக்கும் உத்தரவு கைவிடப்பட்டது.

இங்கே பாடத்தை நிறுத்தி, "மேலிருந்து அழுத்தாமல் ஏன் பக்கவாட்டில் இழுத்தார்கள்?" என்று கேளுங்கள். காற்று, நிலநடுக்கம் என்று பதில் வரும். பிறகு கட்டுக்கம்பியில் இரண்டு சிறு கோபுரங்கள் செய்யச் சொல்லுங்கள். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதற்குக் கலவை பூசி 7 நாள் தண்ணீர் தெளித்தபின், சுருள்வில் தராசை மாட்டி இரண்டையும் இழுக்கட்டும். எது எந்த அளவில் வளைகிறது என்று குறிக்கட்டும். கலவைக்கு மணல் எத்தனை பங்கு என்பதை, வகுப்பில் கொத்தனார் வீட்டுப் பிள்ளை இருந்தால், வீட்டில் கேட்டு வந்து சொல்லட்டும்.