பந்தய மிதிவண்டி

சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடையே, கைமுறுக்குக்குப் பெயர்பெற்ற ஆட்டையாம்பட்டி என்னும் ஊர் உள்ளது. ஊரைச் சூழ்ந்த நிலம் பெரும்பாலும் சமவெளியே. இத்தகைய நிலத்தில் மிதிவண்டி எளியோர்க்கு ஏற்ற ஊர்தியாகும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குவதும் இது கருதியேயாம்.

இவ்வூரில் வாழும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் தந்தையார் தறி நெய்து பிழைப்பவர். மகனுக்கு மிதிவண்டிப் பந்தயத்தில் வேட்கை மிகுந்தது. அந்தமானைச் சேர்ந்த இசோ ஆல்பன் என்னும் இளைஞர், 2018ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டில் நடந்த உலக இளையோர் தடப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்ற செய்தி அவ்வேட்கையை வளர்த்தது. தந்தையார் ஓராண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை மகன் கையில் கொடுத்தார். மிதிவண்டி பழுது பார்ப்பதில் நெடுநாள் பழகிய முதியவர் ஒருவரைத் துணையாகக் கொண்டு, மாணவன் சேலத்துக் கடைத்தெருவிற்குச் சென்றான்.

அங்கே இரு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒன்று புத்தம் புதியது. பளபளக்கும் வண்ணம் பூசப்பெற்றது. தடை எனப்படும் பிரேக்கு அதற்கு இல்லை. மற்றொன்று பழையது, வண்ணம் உதிர்ந்தது, முன்சக்கரத்திற்குப் பிரேக்கு உடையது. இரண்டின் விலையும் ஒன்றே. மாணவனின் கண் புதியதன்மேல் சென்றது.

“ஐயா, பந்தய வண்டிக்குப் பிரேக்கு இராது என்று கேட்டிருக்கிறேன். இதனையே வாங்கலாமா?” என்று அவன் வினவினான்.

“தம்பி, பிரேக்கு ஏன் இல்லை என்பதை அறிந்த பின்னரன்றோ வாங்கவேண்டும்?” என்று கூறி, முதியவர் விளக்கலானார்.

“சாதாரண மிதிவண்டியின் பின்சக்கரத்தில் ‘பிரீவீல்’ என்னும் உறுப்பு உண்டு. ஆதலால் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டே செல்லும். தடப் பந்தய வண்டியிலோ, பற்சக்கரம் பின்சக்கரத்தின் குடத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழலும், கால்களுக்கு ஓய்வில்லை. கால்களால் எதிர்த்து அழுத்தியே விரைவைக் குறைக்க வேண்டும். பந்தயத் தடத்தில் யாவரும் ஒரே திசையில் செல்வர். அங்கே ஒருவர் திடீரென நின்றால் பின்வருவோர் மோதி வீழ்வர். ஆகவே அவ்வண்டிக்குப் பிரேக்கு வைப்பதில்லை. நம் சாலையிலோ ஆடு குறுக்கிடும். பேருந்து திடீரென நிற்கும். தடத்தின் விதி சாலைக்குப் பொருந்துமா?”

பின்னர் அவர் புதிய வண்டியின் பின்சக்கரத்தைக் காட்டினார். “முன்னோக்கி மிதிக்குங்கால் பற்சக்கரத்தின் புரி இறுகும், எதிர்த்து அழுத்துங்கால் தளரும். அவ்வாறு தளராவண்ணம், எதிர்ப்புரி கொண்ட பூட்டு வளையம் ஒன்று அதன்மேல் முடுக்கப்பட வேண்டும். இவ்வண்டியில் சாதாரணக் குடத்தில் பற்சக்கரத்தை முடுக்கியிருக்கிறார்களேயன்றிப் பூட்டு வளையம் இல்லை. நீ நிறுத்த முயலும் அதே நொடியில் இது கழன்றுவிடக்கூடும்” என்றார். மாணவன் திடுக்கிட்டான்.

அதன்பின் முதியவர் பழைய வண்டியை ஆராய்ந்தார். முன்கவையை அடுத்த குழாய்களில் மடிப்போ வீக்கமோ உளதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அவ்வாறிருப்பின் வண்டி முன்பே மோதுண்டது என்பது பொருள். சக்கரங்களைச் சுழற்றி, அவை கோணாமல் ஓடுவதைக் கண்டார். பூட்டு வளையம் உறுதியாயிருந்தது. சங்கிலி, மேலும் கீழும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவே அசைந்தது. மாணவனை வண்டியின் இருபுறமும் கால் ஊன்றி நிற்கச் சொன்னார். மேற்குழாய் உடலில் இடிக்கவில்லை. இருக்கையில் அமர்ந்து, கீழ்நிற்கும் மிதிகட்டையில் குதிகாலை வைத்தபோது கால் நேராக நீண்டது. “அளவு பொருந்தாத வண்டி இலவசமாகக் கிடைப்பினும் வேண்டாம்” என்றார் முதியவர்.

இறுதியாகப் பற்களை எண்ணினர். முன்சக்கரப் பற்கள் 46. பின்சக்கரப் பற்கள் 17. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 2.7 வரும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். ஆகவே ஒருமுறை மிதித்தால் வண்டி ஏறத்தாழ 5.7 மீட்டர் செல்லும். பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் சென்றபோது, அவர் வண்டியின் பற்கள் 52, 14 ஆகும். ஒரு மிதிக்கு ஏறத்தாழ 8 மீட்டர். அது தேர்ந்த வீரரின் கால்களுக்கு உரியது. பயில்வோர்க்குச் சிறிய எண்ணே நன்று.

“இவ்வண்டியில் ஏற்காடு சென்று வரலாமா?” என்று மாணவன் கேட்டான்.

“அங்கே இருபது கொண்டைஊசி வளைவுகள் உள்ளன. மணிக்கு 40 கிலோமீட்டர் விரைவில் இறங்கினால், உன் கால்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ 117 முறை சுழன்றாக வேண்டும். நிறுத்த நினைத்தாலும் நில்லா. இது சமவெளிக்குரிய வண்டி, மலைக்குப் பிரீவீலும் இரண்டு பிரேக்குகளும் உடைய வண்டியே தக்கது” என்றார் அவர்.

மாணவன் பழைய வண்டியையே வாங்கினான். மறுநாள் காலை, வண்ணம் உதிர்ந்த அவ்வண்டியைக் கண்ட தந்தையார் சற்றே முகம் வாடினார். மகன் பூட்டு வளையத்தையும் பிரேக்கையும் காட்டி, கற்றவற்றை ஒவ்வொன்றாய் எடுத்துரைத்தான். தந்தையார் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, சக்கரத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். “பாவு உறுதியாயிருந்தால் சாயத்தைப் பின்னர் ஏற்றிக்கொள்ளலாம்” என்றார்.

மாணவர்களே! குறைந்த விலைக்கு வாங்குவது மட்டும் சிக்கனம் ஆகாது. வண்ணத்தில் குறைக்கலாம், புதுமையில் குறைக்கலாம், உயிரைக் காக்கும் உறுப்பில் குறைத்தல் ஆகாது. எதில் குறைக்கலாம், எதில் குறைத்தலாகாது என்று அறிந்து செலவிடுதலே உண்மையான சிக்கனமாகும்.