கம்ப்யூட்டர் ஏன் என்னைச் சென்னையில் உட்கார வைக்கிறது?

கேள்வி: எங்கள் வீடு தென்காசியில். மேஜைக் கம்ப்யூட்டரில் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் சென்னை வானிலை, சென்னைக் கடை விளம்பரம். சில நாள் மும்பை! அதே வைஃபையில் என் செல்போன் மட்டும் சரியாகத் தென்காசி என்கிறது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயமுறுத்துகிறான் மகன்.
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. செல்போனில் ஜிபிஎஸ் இருக்கிறது. செயற்கைக்கோள் சிக்னலை வைத்துத் தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. மேஜைக் கம்ப்யூட்டரில் பொதுவாக அது கிடையாது. இருப்பிடம் பார்க்க நீங்கள் அனுமதி தராதவரை, இணையதளம் பெரும்பாலும் உங்கள் இணைய இணைப்புக்குத் தரப்பட்ட ஐபி எண்ணை வைத்துத்தான் ஊரை ஊகிக்கிறது. வண்டி நம்பரைப் போலத்தான் அதுவும். டிஎன் 76 என்றால் தென்காசியில் பதிவான வண்டி. இந்த நிமிடம் அது கோயம்பேட்டில் நிற்கிறதா என்று நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கான ஐபி எண்கள் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்நிக் அமைப்பின் பொறுப்பு. இணைய நிறுவனங்கள் அவற்றை மொத்த மொத்தமாகப் பெறுகின்றன. பதிவேட்டில் இருப்பது பல சமயம் தலைமை அலுவலக முகவரிதான். எந்த எண் எந்தத் தெருவுக்குப் போனது என்பது இணைப்பு கொடுத்தவருக்குத்தான் தெரியும். அதை அவர் கண்டவரிடமும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், சொல்லவும் கூடாது. மற்றவர்கள் பதிவேட்டையும், தகவல் போய்வர ஆகும் நேரத்தையும் வைத்து ஊகிக்கிறார்கள். அந்த ஊகத்தைப் பட்டியலாக்கி விற்கும் நிறுவனங்களே இருக்கின்றன. நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். ஊர் என்று வந்தால் சறுக்குவார்கள்.

இன்னொரு சிக்கல், எண் தட்டுப்பாடு. பழைய முறை ஐபி எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலியாகிவிட்டது. அதனால் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே எண்ணைக் கொடுத்து, ஏதாவது ஒரு பெருநகர மையம் வழியாக வெளியே அனுப்புகிறார்கள். இணையதளத்தின் கண்ணுக்கு அந்த மையம்தான் நீங்கள். சில நாள் மும்பை காட்டுவதற்கும் இப்படி ஏதாவது காரணம் இருக்கலாம். அந்த நாட்களில் மகன், இணைப்பை வேறு ஊர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் போட்டிருந்தாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கு வந்தது வெறும் எரிச்சல். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டுக்குப் போலீஸே வந்தது. மேக்ஸ்மைண்ட் என்ற பட்டியல் நிறுவனம், ‘அமெரிக்கா என்று தெரியும், ஊர் தெரியாது’ என்ற எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைப் போட்டுவைத்தது. அசல் நடுப்புள்ளியின் அளவு அசிங்கமான பின்னம் என்பதால், 38 டிகிரி வடக்கு, 97 டிகிரி மேற்கு என்று முழு எண்ணாக்கிக்கொண்டார்கள். புள்ளி 200 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்து, போட்வின் என்ற சிற்றூருக்கு அருகே அந்தப் பண்ணையில் போய் விழுந்தது. 60 கோடிக்கும் அதிகமான எண்களுக்கு அதுவே விலாசம்! திருட்டு வண்டியைத் தேடியும், வீட்டைவிட்டு ஓடிய பிள்ளைகளைத் தேடியும் அதிகாரிகள் வந்தார்கள். தற்கொலை மிரட்டல் விடுத்தவரைக் காப்பாற்ற ஆம்புலன்ஸ் வந்தது. யாரோ ஒருவர் உடைந்த டாய்லெட்டைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார். காரணம் என்னவென்று ஒரு பத்திரிகையாளர் 2016-இல் துருவி எழுதிய பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கே தெரிந்தது. பிறகு நிறுவனம் புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது. தெரியாததைத் தெரியாது என்று விட்டிருந்தால் ஏரியும் தேவைப்பட்டிருக்காது என்பேன்.

உங்களுக்கு வேண்டியது சரியான வானிலை. அந்தத் தளத்தில் ஊரையோ பின்கோடையோ நீங்களே போட்டுவிட்டால் போதும். ‘மும்பையிலிருந்து உங்கள் கணக்கு திறக்கப்பட்டது’ என்று மெயில் வந்தால் மட்டும், ஊரை விட்டுவிட்டு நேரத்தையும் கருவியையும் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் திறக்கவில்லை என்றால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதிலுள்ள லிங்க்கைத் தொடாமல், நேராகத் தளத்துக்குப் போய் மாற்றுங்கள்.

கேள்வி: வேலூரிலிருந்து ஓசூருக்கு வீடு மாறினோம். இருப்பிடம் பார்க்க அனுமதி கொடுத்தும் லேப்டாப் பழைய தெருவையே காட்டுகிறதே?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பழைய ரூட்டரையே கொண்டுவந்திருப்பீர்கள். அக்கம்பக்கத்தில் போகும் செல்போன்கள் மூலம் எந்த ரூட்டர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கூகுள், ஆப்பிள் போன்றவை குறித்து வைத்திருக்கின்றன. ஜிபிஎஸ் இல்லாத லேப்டாப் அந்தக் குறிப்பைத்தான் நம்புகிறது. உங்கள் ரூட்டர் அவர்கள் கணக்கில் இன்னும் வேலூரில் இருக்கிறது. புது வீட்டில் ஜிபிஎஸ் போட்ட செல்போன்கள் புழங்கப் புழங்கக் குறிப்பு மாறும். அதற்குள் டாக்சி கூப்பிட வேண்டியிருந்தால் செல்போனிலேயே கூப்பிடுங்கள்.