முகம் கழுவியதில் வந்த வினை

இருபத்தேழு வயதில் தாடையோரம் பரு கிளம்பியதும் வீட்டில் எல்லோரும் சொன்ன ஒரே வைத்தியம், "எண்ணெய் வழியுது, நல்லா கழுவு." கழுவினேன், நாளுக்கு ஐந்து முறை. கன்னத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் விளக்கிய எவர்சில்வர் தட்டு மாதிரி கிறீச்சிட வேண்டும்; அப்போதுதான் எனக்குத் திருப்தி. ராத்திரி எலுமிச்சைச் சாறு, ஞாயிற்றுக்கிழமை முல்தானி மெட்டி, நடுவில் வால்நட் ஓட்டுத்தூள் போட்ட ஸ்க்ரப் வேறு.

மூன்றே மாதத்தில் பச்சைத் தண்ணீர் பட்டாலும் மூக்கோரம் எரிந்தது. கழுவித் துடைத்த கொஞ்ச நேரத்தில் முகம் விண்ணென்று இழுக்கும். மதியத்துக்குள் நெற்றி மறுபடி மினுங்கும். பரு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது, கூட்டாளிகளோடு.

தோல் மருத்துவர் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். "இதுல பாதிதாம்மா பரு. மீதி நீங்களா பண்ணிக்கிட்டது." மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு செங்கல் சுவர் வரைந்தார். தோலின் வெளி அடுக்கில் இறந்த செல்கள்தான் செங்கல். நடுவில் பூசிய காரை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். மொத்தச் சுவரும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். அதன் மேல்தான் நான் வால்நட் ஓட்டைத் தேய்த்திருக்கிறேன்.

எனக்குப் புரியாமல் போனது இதுதான்: முகத்தில் வழியும் எண்ணெய் வேறு, இந்தக் காரை வேறு. தோலின் பிஎச் 5-ஐ ஒட்டி, லேசான புளிப்பு. சாதாரண சோப்பு 9, 10. அது இரண்டையும் சேர்த்தே அரிக்கிறது. எண்ணெய் சில மணி நேரத்தில் திரும்பிவிடும், காரை திரும்ப நாட்கணக்காகும், இப்படித் தினமும் அரித்தால் வாரக்கணக்காகவும் ஆகும். அந்த விரிசல் வழியே உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறும், வெளியே இருந்து உறுத்துவதெல்லாம் உள்ளே போகும். பரு என்பதே அழற்சி சேர்ந்த நோய். எரியும் தோலில் அது அடங்குமா? பரு மருந்தையும் அந்தத் தோல் தாங்காது.

நாலு வாரம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் வெறும் தண்ணீர், ராத்திரி நுரை அதிகம் வராத க்ளென்ஸர், ஈரம் காயுமுன் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், வெளியே போனால் சன்ஸ்க்ரீன். "எண்ணெய் மூஞ்சிக்கு க்ரீமா? அதுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாமே" என்றாள் அம்மா. பரு வரும் முகத்தில் தேங்காயெண்ணெய் துளைகளை அடைக்கக்கூடும் என்று சொல்லி அவளைச் சமாளிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எரிச்சல் அடங்கிய பிறகுதான் பரு மருந்து, அடாபலீன் 0.1%. முகம் முழுக்கச் சேர்த்து ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு ராத்திரி, மாய்ஸ்சரைசர் பூசியதன் மேல். (கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக்கூடாது.) பருவின் மேல் பென்சாயில் பெராக்சைடு 2.5%, சதவீதம் கூடினால் பலன் பெரிதாகக் கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். அது துணியை வெளுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. என் மெரூன் தலையணை உறையில் இன்றும் ஆரஞ்சுத் திட்டுகள் இருக்கின்றன.

இப்போது எது வாங்கினாலும் தாடைக்குக் கீழே ஒரு வாரம் பூசிப் பார்த்துத்தான் முகத்துக்கு. போன மாதம் தங்கை கொடுத்த வைட்டமின் சி சீரம் இரண்டாம் நாளே அரித்தது. பாட்டிலை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். தினமும் பூசுகிறாள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.