உயிர் காக்கும் நாழிகை

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிவோர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது திருவள்ளுவர் கருத்து. நோயாளியின் நிலையையும் நோயின் அளவையும் மட்டுமன்றிக் காலத்தையும் கருதியே மருத்துவன் செயற்பட வேண்டும் என்றும் அப்பெருந்தகை அறிவுறுத்தினார். காலத்தின் அருமை சிறு நகரத்து மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தெற்றெனப் புலப்படும்.

அவசர மருத்துவம் நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில் தனித்துறையாக ஏற்கப்பெற்றது. பெருநகர மருத்துவமனைகளில் பல்துறை வல்லுநரும் அரிய கருவிகளும் உண்டு. சிறு நகரத்திலோ நள்ளிரவில் மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஓரிருவருமே பணியில் இருத்தல் கூடும். அத்தகைய மருத்துவரின் திறம் யாதென அறியப் பாம்புக்கடியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தரையில் படுத்துறங்கிய உழவர் ஒருவர் வைகறையில் வயிற்றுவலி என்று வருகின்றார். உடலில் காயம் ஒன்றும் இல்லை. ஆயினும் இமைகள் தாமே தாழ்கின்றன. கட்டுவிரியன் தீண்டியிருக்கலாம் என மருத்துவர் உய்த்துணர்கின்றார். அதன் கடியில் பெரும்பாலும் வலி இராது. பல்தடமும் தெரியாமற் போகலாம். அந்நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்ய வல்லது. ஆதலின், மூச்சுக் குன்றினால் கையால் அழுத்தும் பையினைக் கொண்டு காற்றூட்ட அவர் முன்னரே ஆயத்தமாகின்றார்.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சு குருதியை உறையவிடாது. இதனை அறியப் பெருங்கருவி வேண்டுவதில்லை. தூய்மையான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, 20 நிமிடம் அசைக்காது வைத்துப் பின்னர்ச் சாய்த்துப் பார்ப்பர். உறையாது ஓடின், நஞ்சு பரவியுள்ளது என்று கொள்வர். ஒரு நாழிகைக்கும் குறைந்த பொழுதில் உண்மை புலனாகின்றது!

நஞ்சு ஏறிய குறி கண்டபின் நச்சுமுறி மருந்தைச் செலுத்துவர். பாம்பு நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றி, அவற்றின் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்து இம்மருந்தை ஆக்குகின்றனர். இதற்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோருள், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் அடங்குவர். இம்மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆகவே, குறியின்றி வழங்குதல் தகாது. வழங்குங்கால் அட்ரினலின் ஊசியும் கைக்கெட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

சிறுநீரகம் பழுதுற்றாலோ, நெடுநேரம் செயற்கைச் சுவாசம் வேண்டினாலோ, நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 2008ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் இயங்கும் 108 ஊர்தி அதற்கு உதவுகின்றது. தேவையான மருந்தைத் தொடங்காமல் அனுப்புதலும் தவறு. அனுப்ப வேண்டியவரை வைத்துக்கொண்டு காலந்தாழ்த்துதலும் தவறு. இவ்விரண்டிற்கும் இடையே செவ்விய முடிபினை விரைந்து காண்பதே சிறு நகரத்து மருத்துவரின் தனித்திறம்.

மாணவர்களே! இம்முயற்சியில் நமக்கும் பங்கு உண்டு. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன தீங்கு பயக்கும். கடியுண்டவரை அச்சுறுத்தாது, கடியுற்ற உறுப்பை அசையவிடாது, நேரே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதலே அறிவுடைமை. வீட்டிலும் வழியிலும் நாம் வீணாக்கும் பொழுதை எத்துணைச் சிறந்த மருத்துவராலும் மீட்டுத் தர இயலாது.