துபாயா, சொந்த ஊரா?

கேள்வி: துபாயில் 12 வருடமாக வேலை. ஊருக்கே திரும்பிவிடலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அந்த வருமானம் ஊரில் கிடைப்பது கஷ்டம். ஆனால் அங்கே விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஓட்டுப் போடக்கூட ஊருக்கு நேரில் வரவேண்டும். சொந்த மண்ணில் யாரும் உங்களைப் 'போ' என்று சொல்ல முடியாது.

என் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து வந்து சேரும்வரை, அப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தோம். கண்ணாடிமேல் கை வைத்து அவன் அழுதது இன்னும் மறக்கவில்லை.

கடனை அடையுங்கள். இரண்டு வருடச் செலவுக்குச் சேமியுங்கள். பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, பெற்றோர் நடமாடும்போதே வந்துவிடுங்கள்.