ஆடி மாதம் யாருக்கு?

கேள்வி: பென்னாகரத்தில் தனி ஆளாக ஸ்டுடியோ நடத்துகிறேன். வைகாசிக் கல்யாண ஆல்பமே முடியவில்லை. ஆவணிக்கு புக்கிங் குவிகிறது. எதை முதலில் பார்ப்பது?

பதில்: வைகாசி ஆல்பத்தைத்தான். அந்த வீட்டார் காத்திருக்கிறார்கள். உங்கள் பாக்கிப் பணமும் அதில்தான் நிற்கிறது. முகூர்த்தம் இல்லாத ஆடியை அதற்கே கொடுங்கள். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் கூட்டம் அலைமோதும்போது கேமராவோடு ஓடத் தோன்றும்; இந்த வருஷம் வேண்டாம்.

ஆல்பம் தாமதமாவது பெரும்பாலும் டிசைனில் அல்ல, படம் தேர்ந்தெடுப்பதில். ஆயிரக்கணக்கான படங்களை மொத்தமாகக் கொடுத்தால் எந்தக் குடும்பமும் திணறும். நீங்களே கழித்து, முந்நூறை மட்டும் காட்டுங்கள். தேர்வுக்கு ஒரு தேதி சொல்லி, அன்றே இரண்டாவது தவணையை வாங்குங்கள்.

பாஸ்போர்ட் படத்துக்கு வருபவரைக் காக்க வைக்காதீர்கள். மலைக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருப்பார்; பத்து நிமிட வேலைதான்.

எவ்வளவு களைத்திருந்தாலும், கல்யாணம் முடிந்த இரவே மெமரி கார்டை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். தாலி கட்டும் படம் தொலைந்தால் மறுபடி எடுக்க முடியாது.

ஆவணியில் ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டாவது வீடு கேட்டால், அரூரிலோ பாலக்கோட்டிலோ நீங்கள் நம்பும் நண்பருக்குக் கைமாற்றிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே.